மரத்துப் போகுமா?

"தாயி, இது வயித்துப் பிள்ளையப் பாக்குற மெஷினாச்சே! இதைப் போயி கன்னத்துல வைக்கிறீகளே, எம்பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?"

சோணைமுத்து கேட்டதும் ரோகிணி சிரித்துவிட்டாள். செல்லூரில் தறிப்பட்டறைகளுக்கு நடுவே ஒரு மாடியறையில் பிசியோதெரபி பார்ப்பவள் அவள். கோயில் திருவிழா என்பதால் இன்று தறி ஓடவில்லை. ஆற்றுப் பக்கமிருந்து கொட்டுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அது படம் பிடிக்கிற மெஷின்யா, இது வேற. இதுல காதுக்குக் கேக்காத சத்த அலை வரும். மேல தடவுன மருந்தை அது தோலுக்குள்ள இறக்கிவிடும். போன மாசம் உங்க தோள்பட்டைக்கு வச்சேனே, மறந்துட்டீங்களா?"

மறந்தால்தானே! அன்றைக்குத் தோளைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, கிள்ளியதே தெரியாமல் மலைத்துப் போனவர் அவர். அதை நம்பித்தான் மகளைக் கையோடு இழுத்து வந்திருந்தார்.

படுக்கையில் ஆர்த்திகா மஞ்சள் சேலையும் வேப்பிலை மாலையுமாகப் படுத்திருந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் வைகைக் கரையில் அவளுடைய இரண்டு கன்னங்களையும் துளைத்துக்கொண்டு அலகு போகப் போகிறது. போன வருஷம் நெஞ்சுவலி வந்து அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவர் பிழைத்து வந்தால் அலகு குத்திக்கொள்கிறேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டுவிட்டாள். பிழைத்து வந்த மனுஷனுக்கு அன்றோடு தூக்கம் போனது.

"எனக்கு இதெல்லாம் வேண்டாம்னுதான் சொன்னேன் டாக்டர்," என்றாள் ஆர்த்திகா. "காலையிலருந்து பச்சத்தண்ணிகூடக் குடிக்காம அடம்பிடிச்சாரு. அவருக்காகத்தான் வந்தேன்."

ரோகிணி மருந்தைத் தடவி, மெஷினின் வட்ட முனையை இரண்டு கன்னங்களிலும் மெல்லச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள்.

"நல்லா மரத்துப் போகுமா தாயி?"

"மேல்தோல் மரத்துப் போகும். உள்ள இறங்க இறங்கத் தெரியத்தான் செய்யும்."

"எம்புட்டுத் தெரியும்?"

"அதை எப்படிய்யா அளந்து சொல்றது?"

சோணைமுத்துவுக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. அலகைப் பார்க்காதவரா அவர்? கூரான முனை பட்டதும் தோல் முதலில் உள்ளே குழியும். கொஞ்சம் அடம்பிடிக்கும். அப்புறம்தான் வழிவிடும்.

"நரம்பு கிரம்புல பட்டுட்டா?"

ரோகிணி தயங்கினாள். "முகத்துக்குப் போற நரம்பு இந்தப் பக்கமாத்தான் ஓடுது. இடம் தப்பினா வாய் கோணிக்கவும் வாய்ப்பிருக்கு."

சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவள் யோசிப்பதற்குள் சோணைமுத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வாய் கோணிய மகளின் முகம் அவர் கண்முன்னால் வந்து நின்றது. தாயில்லாமல் தனியாக வளர்த்த பிள்ளை. நாளைக்கு அவள் சிரிக்க நினைத்துச் சிரிக்க முடியாமல் போனால்?

"வேண்டாம் பாப்பா. ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத் தீச்சட்டி எடுத்துக்குவோம்."

"உன் உசுருக்கு நேர்ந்ததுப்பா. அதுல வார்த்தை மாத்த மாட்டேன். நீ பயப்படாம இரு, அது போதும். எனக்கு அது ஒண்ணுதான் கவலை."

ரோகிணி இடையில் புகுந்தாள். "கைதேர்ந்த ஆள் யாரையாவது வச்சுக் குத்தச் சொல்லலாமே?"

"எங்க கோயில்ல ஒரே ஒரு குடும்பத்து ஆம்பளைங்கதான் டாக்டர் அலகைத் தொடலாம். கைதேர்ந்த ஆளுகதான். எம்புட்டோ பேருக்குக் குத்தியிருக்காக, ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்ல," என்றாள் ஆர்த்திகா.

"அப்புறம் என்னய்யா பயம்?"

"அதெல்லாம் ஊரான் வீட்டுப் பிள்ளைக தாயி," என்றார் சோணைமுத்து.

அவருடைய செல்போன் அடித்தது. கோயில் கமிட்டிக்காரர் ராஜபாண்டியின் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. "அண்ணே, எங்கண்ணே இருக்கீக? எல்லாரும் குளிச்சிட்டு ஈரத்துணியோட நிக்கிறாக. வெயில் ஏறுதுல்ல, வெரசா வாங்க!"

"வாரேன்..." என்று சொல்லிப் போனை அணைத்தார்.

ரோகிணி மருந்தைத் துடைத்துவிட்டு ஆர்த்திகாவின் கன்னத்தைக் கிள்ளினாள். "தெரியுதா?"

"ஏதோ தொட்ட மாதிரி இருக்கு டாக்டர்."

"கொஞ்ச நேரம்தான் தாங்கும். சட்டுன்னு கிளம்புங்க."

ஆர்த்திகா சேலையைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினாள். ஆட்டோவைக் கூப்பிடும் அவள் குரல் கீழே தெருவில் கேட்டது.

சோணைமுத்துவால் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. ரோகிணி கொடுத்த தண்ணீரில் பாதி வாய்க்குள் போனது, பாதி சட்டையில் கொட்டியது. டம்ளர் அப்படி ஆடியது.

அவளுக்குப் பாவமாக இருந்தது. "உங்க நெஞ்சு இதைத் தாங்காதுய்யா. நான் சொல்றதைக் கேளுங்க. குத்துற நேரத்துல பக்கத்துலேயே போகாதீங்க. தள்ளிப் போயி, அந்தப் பக்கம் திரும்பி நின்னு கண்ணை மூடிக்கங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிரும்."

சோணைமுத்து டம்ளரைக் கீழே வைத்தார். நடுங்கிக்கொண்டிருந்த வலது கையை அவள் முன்னால் நீட்டினார்.

"கண்ணை மூடிக்கிட்டு எப்படித் தாயி குத்துறது? அலகு குத்துற அந்தக் குடும்பத்துல மிச்சமிருக்கிற ஒரே ஆம்பளை நான்தானே!"