தலைமாட்டுச் செடி

ஹெர்பேரியம் என்னும் உலர்செடித் தொகுப்புக்காக மலைச்சரிவில் அந்தி ப்ரிம்ரோஸ் செடியைப் பிடுங்கியபோது, மண் பொலபொலவென்று இருந்ததும் வேர் அறுபடாமல் வந்ததும் சதானந்தத்துக்கு அதிர்ஷ்டமாகத்தான் பட்டது. செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்தி, சீட்டில் ‘காட்டுச்செடி’ என்று எழுதினார். மறுநாள் இன்னொரு மாதிரி தேடி அங்கேயே வந்தார். ஒரு பெண் அவர் செடி பிடுங்கிய குழியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“எங்க பாப்பாவப் பொதைச்ச எடம் சார். தலைமாட்டுல நட்டிருந்தேன், பொழுது சாஞ்சா மஞ்சளாப் பூக்கும். பன்னி தோண்டிப்போட்டிருச்சு.”

“பன்னியாத்தான் இருக்கும்மா” என்றார். செய்தித்தாளில் அழுத்திய செடி அவர் தோள்பையிலேயே இருந்தது.

அவள் வேறொரு நாற்றை ஊன்றி, சுற்றிலும் வேலி கட்டத் தொடங்கினாள்.

“இந்தக் குச்சிய ஆடாமப் பிடிங்க சார். மறுபடி வந்துரக் கூடாது பாருங்க.”

இரண்டு கையாலும் பிடித்தார். குனிந்ததில் தோள்பை முன்னால் சரிந்து குச்சியில் இடித்தது.