ஆறு மணி வரைக்கும்

"சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இது வெளியே போகக் கூடாது. வீட்டுல கூட மூச்சு விடாதீங்க" என்றார் மேலாளர்.

அவள் தலையாட்டினாள். கம்பெனிகள் தரும் செய்திக் குறிப்புகளைத் திருத்தி, பத்திரிகைகளுக்கும் டிவிக்களுக்கும் அனுப்பிவைக்கும் ஆபீஸ் அது. சொன்ன நேரத்துக்கு முன்னால் ஒரு வரி கசிந்தாலும் வேலைக்கு உலை வைத்துவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் அவளிடமிருந்து ஒரு சொல் கசிந்ததில்லை.

மெயிலைத் திறந்தாள். டயர் தொழிற்சாலை மாதக் கடைசியோடு மூடப்படுகிறதாம். அவள் கணவர் கணக்கு எழுதுவது அங்கேதான்.

பாவம் மனுஷன், காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு எப்போதும்போலத்தானே கிளம்பினார்!

'மூடல்' என்று வரும் இடத்திலெல்லாம் 'மறுசீரமைப்பு' என்று மாற்றுவது அவள் வேலை. இன்றைக்குக் கை ஓடவில்லை. இப்படிப் பூசி மெழுகிப் பிழைக்கிறோமே என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

மதியம் அவரே போன் செய்தார். ஆபீஸில் என்ன விசேஷம் என்று விசாரித்தார்.

"புதுசா ஒண்ணும் இல்லைங்க. சாப்பிட்டீங்களா?"

போனை வைத்துவிட்டு பாத்ரூமுக்குள் போய் அழுதாள். கட்டின புருஷனிடமே மறைக்கும்படி ஆகிவிட்டதே!

ஆறு மணிக்கு அனுப்பினாள். மற்ற நாளென்றால் நிருபர்களைக் கூப்பிட்டு, ஒரு மூலையிலாவது போடுங்கள் என்று கெஞ்சுவாள். இன்றைக்கு ஒருத்தரும் போடாமல் இருந்தால் தேவலை என்று இருந்தது. பார்த்தால், அவர்களே வரிசையாகக் கூப்பிட்டு விவரம் கேட்டார்கள்.

கணவர் டிவியில் பார்த்துத் தெரிந்துகொள்வதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று அடித்துப் பிடித்து வீட்டுக்கு ஓடினாள். அவர் சட்டையைக் கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை.

பதறாதீங்க என்று ஆரம்பித்து, தானே பதறினாள். தொழிற்சாலையை மூடுகிறார்கள், காலையிலேயே தெரியும், வேலை அப்படி, வாயைத் திறக்க முடியவில்லை என்று குழறினாள்.

அவர் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"எனக்குப் போன வாரமே தெரியும். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரல. அதான் அந்தக் குறிப்பை உன் பேருக்கே அனுப்பச் சொல்லி எங்க மேனேஜர்கிட்ட கெஞ்சினேன்" என்றார். "காலையிலேர்ந்து உன் போன் வரும் வரும்னுதான் உட்கார்ந்திருந்தேன்."