விளிம்பில் ஒரு ஒடுக்கு

பழைய பாத்திரக் கடையில் கறுத்துக் கிடந்த பித்தளை அண்டாவை சுகந்தி வாங்கி வந்தபோது, அதைப் பூந்தொட்டியாக்கிக் கூடத்து மூலையில் வைத்து, வெளியூரிலிருந்து வரப்போகும் கணவனை அசத்த வேண்டும் என்பது மட்டும்தான் அவள் நினைப்பு. பட்டறையில் கொடுத்து விளிம்பிலிருந்த ஒடுக்கை எடுத்தாள். புளி போட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கப் புள்ளிப் புள்ளியாக எழுத்து தெரிந்தது. ‘க. தனசேகரன் – அமிர்தவல்லி. திருமணம் 11.9.2011.’

தனசேகரன் அவள் கணவன். அந்தத் தேதியில் அவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

ஊரில் எத்தனையோ தனசேகரன், எத்தனையோ ‘க’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எழுத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து மணி பிளான்ட் நட்டாள்.

சாயங்காலம் வந்தவன் தோள்பையைக்கூட இறக்கவில்லை. அண்டாவையே பார்த்தபடி நின்றான். பிறகு கிட்டே போய் விளிம்பை விரலால் தடவினான். விரல் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தது.

“நல்லா இருக்குதாங்க?” என்று கேட்டாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

அவன் திரும்பவில்லை.

“இங்க ஒரு ஒடுக்கு இருக்குமே” என்றான்.