முற்றத்தில் கூடாரம்

பிஷ்கெக்கில் எங்கள் அடுக்குமாடி முற்றத்தில், வட்டமான கம்பளிக் கூடாரத்துக்குள் ஓர் உளவாளி செத்துக் கிடக்கிறான். உளவாளியாக நடிப்பவர் எர்னிஸ். எதிரிகளை ஏமாற்ற உளவாளி தன் சாவைத் தானே ஏற்பாடு செய்யும் காட்சி. கழுத்துவரை வெள்ளைத் துணி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. கூரை ஓட்டை வழியே விழும் வெயில் அதில் மின்னுகிறது. நான் மைக் கம்பைப் பிடித்திருக்கிறேன். திடீரென்று வெளியே நிஜமான ஒப்பாரி. டாக்ஸியை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஒருவர் இடுப்பில் கைவைத்துக் குனிந்து, "சாய்ஞ்சுட்டியே என் மலையே!" என்று கதறியபடி வருகிறார். எங்கள் ஊரில் முற்றத்தில் கூடாரம் நின்றால் அது சாவு வீடு. முதலில் அழுதுவிட வேண்டும், யாரென்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். இயக்குநர் புருல்சா கேமராவை நிறுத்தவே இல்லை. டாக்ஸிக்காரர் அழுது முடித்து, தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புருல்சாவிடம் கேட்கிறார்.

"யாரும்மா தவறினது?"

"யாரும் இல்லண்ணே. சினிமா. சிரிப்புப் படம்."

அவர் கூடாரத்துக்குள் எட்டிப் பார்க்கிறார். துணிக்குள் எர்னிஸின் கால் விரல்கூட அசையவில்லை.

"மனசார அழுதுட்டேனேம்மா. இந்த ஒப்பாரியைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போகமுடியுமா? வீட்ல பிள்ளைங்க இருக்கு. யாராவது ஒருத்தர் இந்தச் சாவை வாங்கிக்கத்தான் வேணும்."

ஈரக் கண்ணோடு எங்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறார். நாங்கள் எல்லோரும் மெதுவாக எர்னிஸ் பக்கம் திரும்புகிறோம். நேற்றைய காட்சியில் நாற்பது குண்டுக்கும் சாகாத உளவாளி, வெள்ளைத் துணியை வாரிச் சுருட்டிக்கொண்டு வெளியே ஓடுகிறான்.