நான்கு ஸ்க்ரூ

நான் பூங்காவில் தோட்டக்காரன். காலமான வங்கி மேலாளர் ஒருவரின் நினைவாக, அவருடைய மகன் இங்கே ஒரு பெஞ்சு போட்டு, சாய்மானத்தில் பித்தளைப் பெயர்த்தகடு பொருத்தினார். மறுநாள் காலை தகடு கழன்று கிடந்தது. நான்கு ஸ்க்ரூவும் அளந்து வைத்ததுபோல் வரிசையாக இருந்தன. மூன்று முறை முடுக்கினோம்; மூன்று முறையும் அதே கதை.

"எவன் வேலைய்யா இது?" என்று மகன் என்மேல் எரிந்து விழுந்தார்.

அவருடைய அம்மா ஸ்க்ரூ வரிசையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "உங்கப்பா அடுக்கினதுதான்டா. முதுகுல உறுத்தியிருக்கும். இருந்தவரைக்கும் பேரு பேருன்னு ஓடினாரு, ஒரு நாள் சாஞ்சு உக்காரல. இப்பவாவது உக்காரட்டும், விடு."

மகன் தகட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இன்று காலை, பக்கத்து பெஞ்சில் இருந்த நீதிபதியின் நினைவுத் தகடும் கீழே கிடந்தது. அவருக்கு ஒழுங்கு போதாது, ஸ்க்ரூக்கள் சிதறியிருந்தன. இரண்டு பெஞ்சுக்கும் நடுவே பாதி ஆட்டத்தில் சீட்டுக்கட்டு. புல்லெல்லாம் பனி. சீட்டுகள் மட்டும் நனையவில்லை.