முதல் சத்தத்தைத் தூக்கிட்டா

“வாக்கா. இதுல முதல் சத்தத்தைத் தூக்கிட்டா என்ன மிச்சம்?”

ஆறு வயது சிசிலியா உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். அவளைவிட நான்தான் அதிகம் பதறினேன்.

“ஆக்கா!”

‘வாக்கா’ என்று படகைக் கொடுத்தேன், ‘ஆக்கா’ என்று வேரை எடுத்து நீட்டினாள். எங்கள் டோங்கா மொழியில் இரண்டுக்கும் நடுவே ஒரேயொரு சத்தம்தான்.

வருஷத் தொடக்கத்தில் இதே கேள்விக்கு என் தோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை இவள்.

அடுத்த பையனிடம் ஆரஞ்சைக் குறிக்கும் ‘மோலி’யின் கடைசிச் சத்தம் கேட்டேன். “ஈ” என்று விழுந்த பற்களின் இடைவெளியையும் சேர்த்துக் காட்டினான்.

அடுத்தவள் வீட்டைக் குறிக்கும் ‘ஃபாலே’யை உடைத்து விரல்களில் அடுக்கினாள். ஃப். ஆ. ல். ஏ.

வாசலில் வரிசையில் நின்றவர்கள் முறை வரும் முன்பே பதிலைக் கத்தினார்கள்.

“வாயை மூடுங்கடா! உங்களையா கேட்டாங்க?” என்று வகுப்பாசிரியை கலோலைனே விரட்டினாள். அவளுக்கே சிரிப்பு அடங்கவில்லை.

எழுத்துக்கு முன்னால் காது பழக வேண்டும் என்று கல்வி இலாகாவை நச்சரித்து நான் தொடங்கவைத்த ஒலிப் பாடம். பலன் தெரிந்தால் எல்லாத் தீவுகளுக்கும் போகும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நேற்றுப் பக்கத்துத் தீவுப் பிள்ளைகள் அசத்தினார்கள். இன்று இவர்கள்!

கடைசிப் பிள்ளையும் எழுந்து போனதும் கலோலைனேயைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். எங்கள் ஊர் வழக்கப்படி இருவரும் உடைக்கு மேல் இடுப்பில் கட்டியிருந்த பாய்கள் உரசிச் சரசரத்தன.

“விடுடி லவீனியா, தலை சுத்துது!” என்றாள். பிறகு மூச்சு வாங்கியபடியே கேட்டாள்: “அந்தப் பாடத்தை எங்க பிள்ளைங்களுக்கு எப்போதான் தொடங்கப்போற?”

பாடம் நடந்தது பக்கத்துத் தீவில்; ஒப்பிட்டுப் பார்க்க, பாடமே தொடங்காத ஒரு பள்ளி வேண்டும். நான் தேர்ந்தெடுத்தது இந்தப் பள்ளியைத்தான்.

சிசிலியாவைத் திரும்பக் கூப்பிட்டேன். “இதெல்லாம் யாரு சொல்லிக்குடுத்தா?”

“யாரும் சொல்லித்தரல. ஞாயித்துக்கிழமை, பக்கத்துத் தீவுப் பள்ளிக்கூடத்துல படிக்கிற அண்ணன் கோயிலுக்கு வருவான். பெரியவங்க பாடி முடிக்கிற வரைக்கும் இதான் எங்க விளையாட்டு.”

“யாரு ஜெயிப்பா?”

“நான்தான்.”

சாயங்காலம் தலைநகரிலிருந்து இயக்குநர் கூப்பிட்டார்.

“ரெண்டு பள்ளிக்கூடத்துக்கும் வித்தியாசம் தெரியுதாம்மா?”

“துளிகூட இல்லைங்கய்யா.”

“அடடா. அதுக்கு ஏம்மா இப்படிச் சிரிக்கிற?”

“பாடம் நமக்கு முன்னாடியே கடல் தாண்டி வந்துடுச்சு. வந்து கேளுங்கய்யா. நீங்களே சிரிப்பீங்க.”

அடுத்த விமானத்திலேயே வந்துவிட்டார்.