நாலு மூலையிலும் இருட்டு

"மூணாவது தடவையா வரேன். படத்துல நாலு மூலையும் இன்னும் இருட்டுதான்!" கடைக்காரரிடம் எரிந்து விழுந்தார் கேமராமேன்.

"பழைய டிவி கேமரா லென்ஸ்ண்ணே. புது கேமராவுல மாட்டினா ஓரம் கறுக்கும், அதான் சல்லிசு. அதுக்குத்தானே படத்தை விரிச்சுக் காட்டுற கண்ணாடி வெச்ச ரிங் போட்டுக் குடுத்தேன்?"

"போட்டும் அதே கதைதான்!"

கடைக்காரர் கேமராவைப் பெரிய டிவியோடு இணைத்தார். மூலைக்கு மூலை பளிச்சென்று இருந்தது படம்.

"எங்கண்ணே இருட்டு?"

கேமராமேன், முப்பது வருஷமாக வியூஃபைண்டரில் ஒற்றைக் கண்ணால் பார்த்த பழக்கத்தில், இடது கண்ணை மூடிக்கொண்டு டிவியைப் பார்த்தார். ஓரமெல்லாம் கறுத்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதைச் சுற்றியும் அதே இருட்டு.

"லென்ஸை மாத்தித் தரட்டுமாண்ணே?"

"வேணாம்ப்பா. லென்ஸ் நல்லாத்தான் இருக்கு" என்றார், மூடிய கண்ணைத் திறக்காமலே.